வட்டம் போடும் கரடி

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து சாரல். குமுளிப் பக்கத்துக் காற்று. கரடி இன்னும் காயவில்லை.

கரடி என்றால் கரடி வேசத் துணி. பழைய கோட்டு ஒன்றில் கறுப்புச் சாயம் ஏற்றிய சணல் நாரைக் கொத்துக் கொத்தாக வைத்துத் தைத்தது. நனைந்தால் ஒரு வாரத்துக்கு நாற்றம். கொடியில் போட்டிருந்தேன். எதிர்வீட்டு ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடியது. தலை மட்டும் வீட்டுக்குள், அரிசி டிரம்மின் மேல். அது காகிதக் கூழ். நனையவே கூடாது.

மத்தியானம் செண்பகம் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. எங்கள் ஆட்டக்கார செட்டுக்குத் தலைவி. கரகம் ஆடுகிறவள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, தேனியில இருந்து போன் வந்துச்சு. கலை ஆபீஸ் மேடம் பேசுனாக. மாவட்டத்துக்கு ஒரு செட்டாம். மெட்ராஸ்ல மூணு நாள் ஆட்டம். தேறுற செட்டுக்குப் புது மேளம், புது உடுப்பு, எல்லாம் அரசாங்கமே குடுக்குதாம். பதினாலாம் தேதி தேனிக்கு வந்து ஆடிக் காட்டணும்."

"நெசமாவா?" என்றாள் அம்மா.

"நெசந்தான். ஆனா எட்டுப் பேருதான் போகலாமாம்."

நாங்கள் ஒன்பது பேர். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, கரகம் இரண்டு, மயில், கரடி. கரடி நான். யார் எண்ணினாலும் கரடி கடைசியில்தான் வருகிறது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் பார்க்க ஆசை. அதைவிட, அங்கே கரடியாக ஆட ஆசை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 7, சனி

ஜெயமங்கலத்தில் அம்மன் கோயில் பொங்கல். வெயில் நன்றாக அடித்தது. உள்ளே வெந்து போனேன். சந்தோசம்.

எங்கள் ஆட்டத்துக்கு மேடை கிடையாது. தெருதான். மேளம் கேட்டதும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சித்தி தலையில் கரகத்தோடு பின்னால் வளைந்து, தரையில் கிடக்கிற கைக்குட்டையை வாயால் எடுப்பாள். அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்குவதுதான் கரடியின் வேலை. முதலில் இறங்கி, உறுமி, உருண்டு, காலைப் பிராண்டி எல்லாரையும் பின்னால் தள்ளணும். வட்டம் போடுவது என்போம். சண்டை வரக் கூடாது. தள்ளப்பட்டவன் சிரித்துக்கொண்டே போக வேண்டும். கைக்குழந்தைக்காரிகளை மட்டும் தள்ளக் கூடாது. முன்வரிசை அவர்களுக்கு.

இன்று காதில் விழுந்தவை:

"ஏலே கரடி, பீடி இருக்கால?"

"எந்த ஊருப் பயலே இவன்? இந்தக் குதி குதிக்கிறான்!"

"அங்கன போகாத பாப்பா, கடிச்சிரும்." அந்தப் பாப்பா நேராக வந்து என் காதைப் பிடித்து இழுத்தது.

பழைய கரடிப் பையன் திருப்பூர் கம்பெனிக்குப் போனதிலிருந்து நான்தான். உள்ளே இருப்பது பெண் என்று அம்மாவையும் செட்டையும் தவிர யாருக்கும் தெரியாது. கொடியில் கரடித் துணியைப் பார்த்துக் கேட்பவர்களிடம், தங்கை துவைக்கக் கொடுத்தது என்பாள் அம்மா. நான் பார்ப்பது கரடியின் வாய் வழியாக. என்னைப் பார்க்க யாராலும் முடியாது.

கரடியாக இன்று செய்தது: ஒரு பெரிய மீசைக்காரர் கையிலிருந்து முறுக்கைப் பிடுங்கியது. குடித்துவிட்டு ஆட வந்தவரைச் சுற்றிச் சுற்றி ஓடி அவரே தலை சுற்றி உட்காரும்படி செய்தது. ஊர்ப் பெரியவர்கள் வரிசையைப் பார்த்து உறுமியது.

நானாக நேற்று செய்தது: சின்னமனூரில் கறுப்பு நூல் வாங்கிவிட்டுப் பஸ்ஸில் வரும்போது, எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் இறங்கணும் என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வந்தது.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். ஒன்பதாவதில் பெயர் கூப்பிடும்போது எனக்குச் சத்தம் வராது. பாதி நாள் வரவில்லை என்று போட்டுவிட்டார்கள். அப்புறம் நிஜமாகவே வராமல் போய்விட்டேன்.

ஜூன் 9, திங்கள்

திராட்சைத் தோட்டத்தில் வேலை. பந்தலுக்கடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று, கொத்தில் நெருக்கமான பிஞ்சுகளை நறுக்கிவிட வேண்டும். கழுத்து போயே போய்விட்டது.

அம்மா பக்கத்துப் பந்தலிலிருந்து:

"வாயத் தொறந்து உஞ்சித்திகிட்ட நானும் வாறேன்னு கேட்டா என்னடி? முத்தா உதிர்ந்துரும்?"

"அவுகளுக்கே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருக்கா."

பிஞ்சை நறுக்கும்போது ஒன்று தோன்றியது. எதை வெட்டுவது என்று யோசிக்கவே மாட்டோம். இடித்துக்கொண்டிருப்பதை வெட்டுவோம். அதற்கு மேல் நினைக்கவில்லை. டீ வந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் சித்தி வீட்டில் எல்லாரும் கூடினோம். கடலை வறுத்திருந்தாள். கருகல்.

மயில் வேசம் கட்டும் ஜெயக்குமார் அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"சொல்றேன்னு கோவிச்சுக்கக் கூடாது. கரடி என்ன கலையா? கூட்டத்த வெரட்டுறது. மெட்ராஸ்ல அதுக்குப் போலீஸ்காரக இருப்பாக."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கோபமாக வருகிறது.

பெரிய தவில் காளி மாமா கடலையை மென்றுகொண்டே, "ஏப்பா, மயிலு மட்டும் என்னத்தக் கிழிக்குது? விரிக்கும், மடக்கும். குடை கூடத்தான் அதச் செய்யுது" என்றார்.

ஜெயக்குமார் அண்ணன் முறைத்தார். சித்தி இருவரையும் அதட்டிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த மேடத்தையே கூப்பிட்டாள். மேடத்தின் குரல் ரேடியோவில் வருகிற மாதிரி இருந்தது.

"ஒன்பது பேருமே வாங்கம்மா. பார்த்துட்டு எந்த எட்டுப் பேருன்னு நாங்களே சொல்றோம்."

ஆக, சித்தி கையில் இல்லை. தேனியில் உட்காரப் போகிறவர்கள் கையில். அவர்களுக்குக் கரடியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதில் கழிவது நான்தான்.

போகும்போது காளி மாமா மெதுவாக: "ஆத்தா, அங்கன மண்டபம். கூட்டம் எல்லாம் சேர்ல உக்காந்திருக்கும். வட்டம் போடுற சோலியே இருக்காது. வேற எதாச்சும் அழகா ஆடப் பழகிக்க."

ஜூன் 12, வியாழன்

கரடிக்கு அழகான ஆட்டம் யோசித்தது:

மூன்று அடி வைத்து நிற்பது. கும்பிடு. ஒரு குட்டிக்கரணம். பிறகு தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு ஓரமாக உட்கார்ந்துவிடுவது.

அம்மா பார்த்தாள். "கரடிக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு" என்றாள்.

தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஸ்டெல்லாம்மா, சித்தியின் கரகத்துக்குப் புதுச் செம்பு கொடுத்துவிட்டிருக்கிறார். சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் வருசா வருசம் எங்கள் கரகத்துக்குச் செம்பு அந்தக் கடையிலிருந்துதான். "ஏந்தாயி குடுக்குறீக?"ன்னு சித்தி கேட்டதற்கு, "கீழ விழாம ஆடுறீகள்ல, எங்கடைச் செம்புக்கு அதவிட என்ன வெளம்பரம் வேணும்" என்றாராம்.

கரண்ட் இல்லை. கொசு.

ஜூன் 14, சனி

தேனி போய் வந்தோம். வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

மண்டபம் பெரியது. தரை முழுக்க வழவழவென்று டைல்ஸ். மேடையில் பெயின்ட் அடித்து ஈரமாக இருந்ததால், "கீழயே ஆடுங்க" என்றுவிட்டார்கள். தேர்வு செய்கிறவர்கள் மூன்று பேர்: போனில் பேசிய மேடம், தாடி வைத்த சார் ஒருவர், கண்ணாடி போட்ட இளவயசு சார் ஒருவர். ஒரு மேசையும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலியும் தரையிலேயே போட்டிருந்தார்கள். ஆடி முடித்த செட்டுக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை. அவர்களுடைய பிள்ளைகள் முன்னால் முன்னால் நகர்ந்து வந்தார்கள். மண்டபமே தெருவாகிவிட்டது.

எங்கள் முறை. ஓரத்தில் நின்று தலையை மாட்டினேன். காளி மாமா கரடி இறங்குகிற அடியை அடித்தார்.

மூன்று அடி வைத்தேன். கும்பிட்டேன். வாய் வழியாகப் பார்த்தால் எதிரே மேசை. கைக்கெட்டுகிற தூரம். பின்னால் சித்தி புதுச் செம்போடு வந்துகொண்டிருக்கிறாள். வளைந்தால் தலை மேசையில் இடிக்கும். பக்கத்தில் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கால் யோசித்தது.

பிள்ளைகளைப் பார்த்து ஒரு உறுமல். வீல் என்று கத்திப் பின்னால் ஓடினார்கள். வேட்டிக்காரர்கள் காலைப் பிராண்டினேன். குதித்து விலகினார்கள். மேடம் தானாகவே எழுந்து, தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். கண்ணாடி சார் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார். தாடி சார் மட்டும் அசையவில்லை. கையில் டீ. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறார் என்றால் தள்ளலாம். அதுதான் எங்கள் கணக்கு. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துத் தள்ளினேன்.

தெருவில் நாற்காலி கொஞ்சம்தான் நகரும். டைல்ஸ் என்பதை மறந்துவிட்டேன். சாரோடு நாற்காலி வழுக்கிக்கொண்டே போய்ச் சுவரில்தான் நின்றது.

டீ சிந்தவில்லை. அது அம்மன் அருள்.

மற்ற செட்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். தலையில் கரகம் இருந்ததால் சித்தியால் திட்டவும் முடியவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் முடியவில்லை. கண்ணால் மட்டும் என்னை எரித்தாள். காளி மாமா சிரிப்பில் குலுங்கினார், அடி மட்டும் தப்பவில்லை. ஜெயக்குமார் அண்ணன் மயிலாக இறங்கி முழுத் தோகையையும் விரித்தார். இவ்வளவு அகலமாக நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சித்தி வளைந்தாள், கைக்குட்டையை எடுத்தாள். கைதட்டல்.

முடிந்ததும் தாடி சார் சுவரோரத்திலிருந்தே கூப்பிட்டார். "யாருப்பா அந்தக் கரடி? தலையை எடு."

எடுத்தேன். முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"அட, பொம்பளப் பிள்ளையா! ஏம்மா, என்னை எதுக்குத் தள்ளுன?"

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மண்டபம் முழுக்கக் கண். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தலையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். உள்ளே போனதும் சத்தம் வந்துவிட்டது.

"எடம் பத்தாது சார். சித்தி பின்னால வளைவாக. தலை மேசையில இடிச்சிரும்."

மண்டபமே சிரித்தது. மேடமும் சிரித்தார். கண்ணாடி சார் மட்டும், "இதெல்லாம் கலையில சேருமா?" என்று கேட்டார். பதில் என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்கிறோம் என்றுவிட்டார்கள்.

பஸ்ஸில் சித்தி: "ஊரு உலகத்துல ஜட்ஜத் தள்ளுன மொதக் கரடி நீதாண்டி."

"ஒரு வழியா சுவரு நிப்பாட்டுச்சு. இல்லேன்னா சார் போடி பஸ்டாண்டுல போயித்தான் நின்னிருப்பாரு" என்றார் காளி மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் போகாவிட்டால் போகட்டும். என்னால் செட்டே போகாமல் போய்விட்டால்?

ஜூன் 15, ஞாயிறு

வெளியே போகவில்லை. மண்டபத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோ ஊருக்குள் வந்துவிட்டது. நாற்காலி போகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

ஜன்னல் வழியாக டீக்கடைப் பேச்சு:

"ஏலே, நம்ம கரடி பொம்பளப் பிள்ளையாம்ல!"

"அடப்பாவி, நான் போன வருசம் அதுகிட்ட பீடி கேட்டேன்டா!"

"குடுத்துச்சா?"

"ஒரு ஒதை குடுத்துச்சு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் போர்வைக்குள். ஆனால் நானும் சிரித்தேன்.

தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து, "கரடியக்கா, ஒரு தடவ உறுமுங்க" என்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்று உறுமினேன். போய்விட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை இல்லை. மேகம் மட்டும். தோட்டத்துக்குப் போகவில்லை. எல்லாரும் சித்தி வீட்டில், போனைச் சுற்றி.

தேறிவிட்டோம்!

மேடம் சொன்னது: மெட்ராஸில் ஆட்டம் மண்டபத்தில் இல்லை. பெரிய பூங்கா, திறந்த புல்தரை. சுற்றி ஜனம் நின்றுதான் பார்க்கும். போன தடவை கூட்டம் நெருக்கியடித்ததில் ஆட்டக்காரர்களுக்குக் கால் வைக்கக்கூட இடம் இல்லையாம். "அந்தக் கரடியைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. நாற்காலியோட போன சார் ஆர்டராவே போட்டுட்டார்."

காளி மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அம்மா அழுதாள், உடனே, "கண்ணுல தூசி" என்றாள்.

அப்புறம்தான் மேடம் எட்டுப் பேரையும் சொன்னார். மயில் இல்லை. மற்ற மாவட்டத்து செட்டுகளிலேயே நிறைய மயில் வருகிறதாம். கரடி எங்களிடம் மட்டும்தானாம்.

ஜெயக்குமார் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லது ஆத்தா. நல்லா ஆடு" என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

போன மாதம் கரடியின் தாடை கழன்றபோது கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்தவர் அவர். கரடி கலையா என்று கேட்டவரும் அவர். இரண்டும் அவர்தான். சந்தோசத்தில் ஒரு முள் மாதிரி உறுத்துகிறது.

"எட்டுன்னா எட்டுதான். நாம என்ன செய்ய?" என்று சித்தி சொல்லிவிட்டாள். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

ஜூன் 18, புதன்

காலை முழுக்கத் திராட்சைப் பந்தலுக்கடியில் ஒரே யோசனை. மத்தியானம் சித்தி வீட்டுக்குப் போனேன்.

"அந்த மேடத்துக்குப் போன் போட்டுத் தாங்க."

"எதுக்கு?"

"பேசணும்."

"யாரு, நீயா?" சித்தி மாவாட்டுகிற கையோடு எழுந்துவிட்டாள். "நீயா பேசப் போற?"

கரடித் தலையையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். மாட்டிக்கொண்டு பேசலாம் என்று. ஆனால் மாட்டினால் போன் காதுக்குப் போகாது. கீழே வைத்துவிட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்.

"மேடம், நான் கரடி பேசுறேன்."

அந்தப் பக்கம் பலமான சிரிப்பு. "சொல்லும்மா கரடி."

"மயிலு வரணும் மேடம்."

"எட்டுப் பேருதான்மா. மயில்தான் வேற செட்ல நிறைய வருதே."

"அது வேற மயிலு மேடம்." சித்தி தண்ணீரை நீட்டினாள். குடிக்காமலே பேசினேன். "கரடி தள்ளி எடம் போட்டுட்டு ஒதுங்குனா, அந்த வெறும் எடத்துல ஒடனே மயிலு இறங்கணும். இல்லேன்னா கூட்டம் திரும்ப நெருங்கி வந்துரும். அன்னைக்குப் பாத்தீகள்ல, மயிலு விரிச்சதும்தான் பிள்ளைக உக்காந்துச்சு. கரடி வெரட்டும், மயிலு உக்கார வைக்கும். ரெண்டும் சேந்துதான் ஒரு சோலி. நான் மட்டும் வந்தா மூணு நாளும் வெரட்டிக்கிட்டேதான் இருக்கணும்."

என் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அந்தப் பக்கம் பேனாவால் எதையோ குறிக்கிற சத்தம்.

"மேலதான் கேட்கணும். உறுதி சொல்ல முடியாது. நாளைக்கு நீயே கூப்பிடு. உங்க சித்தி இல்ல, நீ."

சித்தி இட்லி மாவுக் கையாலேயே கன்னத்தைக் கிள்ளினாள். வீட்டுக்கு வரும் வரை கன்னத்தில் மாவு இருந்தது எனக்குத் தெரியாது.

ஜூன் 19, வியாழன்

நல்ல காற்று. துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"யாரு, கரடிதானே?"

"பாண்டிச்செல்வி மேடம்."

"ஒன்பது பேரும் வாங்க பாண்டிச்செல்வி."

நன்றி சொல்ல மறந்து வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு நன்றி சொன்னேன்.

ஜெயக்குமார் அண்ணன் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். பக்கத்துப் பம்பு செட்டில் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு வந்து, "யாரு பேசுனா? நீயா? நீயா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணில் நுரை போய்விட்டது. தோகையில் பாதி இறகு உதிர்ந்து கிடக்கிறதாம், கட்டுவதற்கு ஆள் வேண்டுமாம், இப்போதே வா என்கிறார்.

நூல் எடுத்துக்கொண்டு போகிறேன்.